விளைபொருளை ஊரறியச் செய்தல்: செங்கற்பட்டு ஜில்லாத் தர்ப்பூசணிக் குடியானவர்க்குச் சில குறிப்புகள்

செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகம், செய்யூர் தாலுகாக்களைச் சேர்ந்த மணற்பாங்கான நிலங்களில் தர்ப்பூசணி பரவலாகப் பயிரிடப்படுகிறது. மார்கழி, தை மாதங்களில் விதையூன்றினால், இரகத்திற்கேற்ப 65 முதல் 90 நாட்களுக்குள் காய் பறிப்புக்கு வந்துவிடும். நெல்லைப்போல் அதனைக் குதிரில் கொட்டி, விலை ஏறும்வரை காத்திருக்க இயலாது. பக்குவமடைந்த பழம் கொடியில் சில தினங்களே நிற்கும். பறித்தபின் கோடை வெயிலில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. ஒரு கிராமத்தில் பல வயல்களும் ஒரே வாரத்தில் பக்குவத்திற்கு வருவதும் உண்டு. ஆதலால் பழம் விளைந்திருக்கிறது என்னும் செய்தியை உரிய காலத்தில் உரியவர் காதில் போடுவது, நீர் பாய்ச்சுவதையும் எருவிடுவதையும்போலப் பயிர்த்தொழிலின் ஒரு பகுதியே ஆகும். விளைவிப்பது குடியானவர் கடமை, விற்பது வியாபாரியின் பாடு என்று எண்ணியிருந்தவர்கள் 2025ஆம் வருஷத்துக் கோடையில் பெரிதும் நஷ்டமடைந்தனர்.

அவ்வருஷம் அறுவடை தொடங்கிய சமயத்தில், தர்ப்பூசணியில் செயற்கைச் சாயம் ஏற்றப்படுவதாகவும், பஞ்சினாலோ மெல்லிய காகிதத்தாலோ பழத்தைத் துடைத்து அதனைக் கண்டுபிடிக்கலாமென்றும் கூறும் காட்சிப்படங்கள் கைப்பேசி வாயிலாகத் தமிழ்நாடெங்கும் பரவின. பட்டணவாசிகள் பழம் வாங்க அஞ்சினர். தரகர்கள் வயலுக்கு வருவதை நிறுத்தினர். கொள்முதல் விலை சரிந்தது. பறிகூலிக்கும் வண்டிச்சத்தத்திற்கும் கட்டாதென்று பழத்தை நிலத்திலேயே விட்டவர்களும் உண்டு. பின்னர்ப் பழத்தின் செந்நிறம் இயற்கையானதே என்று தோட்டக்கலை இலாகாவினர் விளக்கம் தந்தனர். ஆயினும் வதந்தி ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை. பருவமோ சில வாரங்களே.

இதில் குடியானவர்கள் அறியவேண்டிய உண்மை இரண்டு பகுதியானது. ஒன்று பழத்தைப் பற்றியது. மற்றொன்று செய்தி பரவும் விதத்தைப் பற்றியது.

பழத்தைப் பற்றியது இது. தர்ப்பூசணியின் சிவப்பு, தக்காளியின் சிவப்பைப்போல, லைக்கோபீன் என்னும் இயற்கை நிறப்பொருளால் உண்டாவது. அது நீரில் கரைவதன்று. சதையின் நுண்ணிய அணுவறைகளில் தங்கியிருப்பது. வெட்டிய பழத்தைத் துடைத்தால் சாற்றோடு கலந்து வரும் சதைத்துகளினால் பஞ்சில் வெளிறிய இளஞ்சிவப்புக் கறை படுவது இயல்பே. எரித்ரோசின் முதலிய செயற்கைச் சாயங்கள் நீரில் எளிதிற் கரைவன. அவை பஞ்சில் அடர்ந்த நிறமாய் ஏறும். மேலும் ஊசியால் சாயம் ஏற்றினால் அது ஊசி சென்ற வழியில் திட்டாய்த் தேங்குமேயன்றிப் பழமெங்கும் ஒருசீராய்ப் பரவாது. தோலில் துளைபட்ட பழத்தினுள் நுண்ணுயிர்கள் புகுந்து, கோடை வெப்பத்தில் விரைவிலேயே புளித்து நாறச் செய்துவிடும். நூற்றுக்கணக்கான பழங்களை அவ்வாறு கெடுத்துக்கொள்ளும் வியாபாரி தன் முதலையே கெடுத்துக்கொள்பவன் ஆவான். பழத்தின் நடுவே காணும் வெடிப்பும் குழியுமோவெனில், மகரந்தச் சேர்க்கைக் குறைவாலும் சீரற்ற வளர்ச்சியாலும் உண்டாவன; அவற்றை ஊசித்தடம் என்று காட்டுவது அறியாமை.

இவ்விவரங்கள் யாவும் வதந்திக்கு முன்னரே வாங்குவோர்க்குத் தெரிந்திருந்தால் நஷ்டம் இவ்வளவு பெருகியிராது. தெரிவிக்கவேண்டியவர், தினந்தோறும் பழத்தோடு பழகும் பயிரிடுவோரே அல்லரோ!

இனிச் செய்தி பரவும் விதம். வாட்ஸ்அப்பில் ஒருவர் பெற்ற செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பக்கூடாதென்று 2018ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. வதந்திகளால் உயிர்ச்சேதம் நேர்ந்ததே அதற்குக் காரணம். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாமென்று 2020ஆம் வருஷம் ஏப்ரலில் அது மேலும் இறுக்கப்பட்டது. இருந்தும் அச்சம் தரும் செய்தி ஓடத்தான் செய்கிறது. குழந்தைக்கு ஆகாது என்று கேட்ட தாய், உண்மையா பொய்யா என்று ஆராயும்வரை நில்லாமல் உறவினர்க்கு அனுப்பிவிடுகிறாள். அச்செய்திக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை, தேதியும் இல்லை. குடியானவர் அனுப்பும் செய்தியை அதனின்றும் வேறுபடுத்துவன இம்மூன்றுமே.

கவனம் என்னும் அருமைப்பொருள்

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் என்பார் 1971ஆம் வருஷத்திலேயே, செய்தி மிகுமிடத்தில் அதைக் கேட்போரின் கவனம் அரிதாகிவிடும் என்று எடுத்துக்காட்டினார். கைப்பேசியில் செய்திகளைக் காண வருபவர், உறவினரின் கலியாணப்படம், நண்பர் உண்ட சிற்றுண்டியின் படம், அரசியல் வாதம், பூனையின் விளையாட்டு ஆகிய யாவற்றையும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார். தம் வாழ்க்கையின் ஒவ்வொரு நாழிகையையும் பிறர்க்குக் காட்டவேண்டும் என்னும் ஆசை ஜனங்களிடையே மிகுந்துவிட்டது. அக்கூட்டத்தில் ஒரு குடியானவரும் தினம் பத்துப் படங்களைப் போட்டுத் தாமும் கூச்சலிட்டால் என்ன பயன் விளையும்? பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்கள், பார்ப்போர் எதில் அதிக நேரம் தங்குகிறார், எதற்கு மறுமொழி எழுதுகிறார் என்பதைக் கணக்கிட்டு, அதற்குத் தக்கவாறு அடுத்துக் காட்டுவதைத் தெரிந்தெடுக்கின்றன. ஒருவரும் நின்று பாராத பத்துப் படங்களைவிட, நின்று பார்த்த ஒரு படமே மறுநாளும் முன்னே வரும்.

இதனை விளங்கிக்கொள்ளப் புதிய சாஸ்திரம் வேண்டியதில்லை. கடற்கரைக் கிராமங்களிலிருந்து மீன்கூடை சுமந்து வரும் பெண்டிர் தெருவில் கூவி விற்பதைப் பலரும் கேட்டிருப்பர். தெருவில் எத்தனையோ சத்தம் இருப்பினும், வழக்கமாக வாங்கும் வீட்டார்க்கு அக்குரல் தனியே கேட்கிறது. ஒரே நேரத்தில் வருவது, ஒரே ராகத்தில் கூவுவது, இன்று என்ன மீன் என்பதை இரண்டு சொல்லில் சொல்லிவிடுவது, நேற்றைய மீனை இன்றைய மீனென்று விற்காதிருப்பது என்பனவே அதற்குக் காரணம். கைப்பேசியில் விற்பனை செய்வோர்க்கு இதனினும் மேலான பாடம் கிடைப்பது அரிது.

சாலையோரத்துக் கடை மற்றோர் உதாரணம். கோடையில் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தர்ப்பூசணிக் குவியல்கள் வரிசையாய்க் காணப்படும். எல்லாக் கடையும் ஒன்றுபோலவே இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 100 மீட்டர் முன்னதாகப் பலகை கண்ணிற்பட்டாலும், அதனைப் படித்து, யோசித்து, வேகத்தைக் குறைத்து ஒதுங்குவதற்கு வண்டியோட்டிக்கு 6 விநாடியே உண்டு. அந்த 6 விநாடியில் நாற்பது சொற்கள் எழுதிய பலகையால் பயனில்லை. பழத்தின் பெயர், ஊரின் பெயர், விலை என்னும் மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். இவற்றுள் விலையை எழுதப் பலர் தயங்குகின்றனர், அது தவறு. விலை தெரியாத கடையில் இறங்கிப் பேரம் பேசக் குடும்பத்தோடு வருபவர் கூசுவர். 1999ஆம் வருஷம் நவம்பரில் மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பெற்ற உழவர் சந்தை ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றதற்கு, விலைப்பலகையும் சரியான நிறையும் முக்கிய காரணங்கள். கைப்பேசித் திரைக்கும் இதே விதி பொருந்தும். அங்கு 6 விநாடிகூடக் கிடைப்பதில்லை. (சாலையின் ஓரம் வண்டிகள் ஒதுங்குவதற்கு உரியது, அதனை மறித்துக் குவியல் போடுவது ஆபத்தும் குற்றமும் ஆகும்.)

இப்பிரதேசத்திற் கண்ட சில உதாரணங்கள்

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையை ஒட்டி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடைபெறுகிறது. பாம்புக்கடிக்கு மருந்து செய்யும் ஸ்தாபனங்களுக்கு நஞ்சு விற்பதே அதன் தொழில். நஞ்சு எடுக்கும் முறையை வருவோர் முன்னிலையில் செய்து காட்டுவதால், பார்த்தவர்களே அதனைப் பலரிடமும் எடுத்துரைக்கின்றனர். அவ்வினத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர், அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காக 2017இல் அழைக்கப்பெற்று, இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தங்களைத் தாங்களே புகழ்ந்து அவர்கள் ஒரு வார்த்தையும் பரப்பியதாகத் தெரியவில்லை. செய்யத் தெரிந்த வேலையைப் பிறர் காணச் செய்தனர், அவ்வளவே.

2022ஆம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது, வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற குதிரை உருவம் ஒன்று ‘தம்பி’ என்னும் பெயரோடு எங்கும் வைக்கப்பட்டது. சென்னை நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாய்த் தீட்டப்பட்டது. சர்க்காரின் பொருட்செலவு குடியானவர்க்கு இயலாது என்பது மெய்யே. கவனிக்கத்தக்கது செலவன்று. ஓர் உருவத்தைத் தெரிந்தெடுத்து அதனையே திரும்பத் திரும்பக் காட்டியதால் பார்த்தவர் மனத்தில் அது பதிந்தது. இன்று ஒரு சின்னம், நாளை ஒரு சின்னம் என்று மாற்றியிருந்தால் ஒன்றும் நின்றிராது.

புதுக்கோட்டை ஜில்லாச் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் யூடியூப் தளம், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. தமிழ்த் தளங்களுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. அதில் ஜோடனை அதிகமில்லை. வயல்வெளி, அடுப்பு, பெரிய பாத்திரம், வயது முதிர்ந்த தாத்தா, சமைத்ததை இல்லாதோர்க்கு வழங்குதல் ஆகிய இவையே வாரந்தோறும் வந்தன.

மாமல்லபுரத்துக் கற்சிற்பத்திற்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இங்கு நினைக்கத்தக்கது. ஊரின் பெயரே சரக்கின் முத்திரையாவதை அது காட்டுகிறது. அத்தகைய பதிவு பெறாத விளைபொருளுக்கும் ஊர்ப்பெயர் பயன்படும். ‘நல்ல தர்ப்பூசணி’ என்பதை எவரும் எழுதலாம்; ‘சித்தாமூர் வயலில் நேற்றுப் பறித்தது’ என்பதை அங்குப் பயிரிட்டவரே எழுதமுடியும். வாங்கக்கூடியவர்களுக்கும் இப்பகுதியில் குறைவில்லை. 2021-22இல் வெளிநாட்டுப் பிரயாணிகள் மிகுதியாக வந்து கண்ட, கட்டணம் விதிக்கப்பெறும் தொல்பொருட் சின்னம் மாமல்லபுரமே. வந்தவர் ஏறத்தாழ 1,45,000 பேர். உள்நாட்டவர் அதனினும் பலமடங்கு.

எதனைக் காட்டுவது?

பறிப்புக் காலத்தில் மாத்திரம் விழித்துக்கொள்வது போதாது. குழியெடுத்தல், மூடாக்கு விரித்தல், கொடி ஓடுதல், பூப்பூத்தல், தேனீ வருதல், பிஞ்சு இறங்குதல் என்னும் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு படம், தேதியோடு, வாரத்துக்கு ஒன்று வீதம் அனுப்பினால் பத்துப் பன்னிரண்டு படங்களில் பயிரின் முழு வரலாறும் அமைந்துவிடும். அவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தவரிடம் சாயம் ஏற்றிய பழம் என்று எவர் வந்து சொன்னாலும் எடுபடாது. மருந்து தெளித்தால் அதையும் மறைக்கவேண்டியதில்லை. எது, எத்தனை நாள் முன்பு என்று சொல்லலாம். எல்லாம் அழகாகவே இருக்கும் கணக்கைவிட, வெடித்த காயையும் எப்போதாவது காட்டும் கணக்கை ஜனங்கள் மிகுதியாய் நம்புகின்றனர்.

வாங்குவோர்க்குப் பயன்படும் அறிவைத் தருவது இன்னும் நன்று. காம்பின் அருகிலுள்ள பற்றுக்கம்பி காய்ந்திருத்தல், தரையிற் படிந்த அடிப்பாகம் வெள்ளையினின்று மஞ்சளாதல், தட்டினால் மந்தமான ஓசை எழுதல் ஆகிய இவை பக்குவத்தின் அடையாளங்கள் என்று ஒரு நிமிஷக் காட்சியில் விளக்கினால், பார்த்தவர் அடுத்த தடவை எங்குப் பழம் வாங்கினாலும் விளக்கியவரை நினைப்பர். இனிப்பை அளக்கும் கைக்கருவி ஒன்று உண்டு, ரிஃப்ராக்டோமீட்டர் என்பர். ஒரு துளி சாற்றை இட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரையின் அளவு பிரிக்ஸ் என்னும் அலகில் தெரியும். 10க்கு மேற்பட்டது இனிய பழம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒரு கருவியை வாங்கிவைத்து, அன்றன்றைய பறிப்பின் அளவைப் பழக்குவியலோடு படம்பிடித்து வெளியிடலாம். வாயால் சொல்லும் இனிப்புக்கு அளவில்லை. கருவி காட்டும் இனிப்புக்கு உண்டு.

வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவோர் சில நுட்பங்களை அறிதல் வேண்டும். தொழிலுக்கென ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ என்னும் தனிச் செயலி 2018 முதல் உண்டு. அதில் சரக்கின் பட்டியலையும் விலையையும் இடத்தையும் பதிந்து வைக்கலாம். ஒரே செய்தியைப் பலர்க்குத் தனித்தனியே அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் அனுப்புவோரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்க்கே அச்செய்தி சென்று சேரும். இதனை அறியாமல், அனுப்பினோம், ஒருவரும் வரவில்லை என்று வருந்துவோர் பலர். ஆதலால் பழம் விற்கும்போதே எண்ணை எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்து, பதிந்துகொள்ளும்படி கேட்பது முறை. ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் இடுவது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அன்றைய பறிப்பு, அன்றைய விலை ஆகியவற்றுக்கே அது தக்கது. சம்மதமில்லாதவரைக் குழுவில் சேர்ப்பதும், குழுவில் காலை வணக்கப் படங்களைப் பொழிவதும் வாடிக்கையை இழக்கும் வழிகள். வயலின் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், மண்பாதையில் திரும்பவேண்டிய இடத்தைத் தொலைபேசியில் நூறு பேர்க்கு விளக்கும் சிரமம் ஒழியும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒருவர் தம் தளத்தில் சரக்கைப் புகழ்ந்தால், அத்தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டும் என்று 2022ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் கூறுகின்றன. பொய் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய்வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம்வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. புகழ்பெற்ற ஒருவர்க்கு நூறு பழம் அனுப்பிப் பாராட்டு வாங்குவதைவிட, அப்பழங்களைப் பள்ளிக்கூடத்திலோ கோவில் வாசலிலோ அறுத்துக் கொடுப்பது பலனளிக்கக்கூடும். ‘இயற்கை விளைச்சல்’ என்னும் சொல்லையும் சான்றிதழின்றித் தாராளமாய் வழங்குதல் ஆகாது; ஒருவர் பொய்யால் ஊரார் அனைவர்க்கும் கெட்டபெயர் வரும். அடுத்தவர் பழத்தைப் பழித்துத் தம் பழத்தை விற்பதும் அத்தகையதே. 2025இல் சிலர், ‘எங்கள் பழத்தில் மட்டும் சாயமில்லை’ என்று எழுதத் துணிந்திருந்தால், மற்றவர் பழத்தில் உண்டு என்று அவர்களே சாட்சி சொன்னதாக முடிந்திருக்கும்.

வதந்தி எழுந்தபின் செய்யவேண்டியவை வேறு. அவ்வதந்திக் காட்சியையே மறுபடி பரப்பி மறுப்பெழுதினால் வதந்தி இன்னும் பலரை அடையும். பழத்தின் உண்மையை முதலிற் சொல்லி, வயலும் தேதியும் விளங்கப் பழத்தை அறுத்துக் காட்டி, தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தாரையோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ அழைத்து அவர் வாக்கையும் சேர்த்து, முதல் நாளிலேயே வெளியிடவேண்டும். தனித்தனியே ஐம்பது பேர் மறுப்பதினும், கிராமத்தார் சேர்ந்து ஒரே காட்சியாக வெளியிடுவது வலிமையுடையது. வாடிக்கைக்காரர் பட்டியல் முன்னரே கையிலிருந்தால் அன்று மாலைக்குள் அது அவர்கள் கைக்குச் சென்றுவிடும். பட்டியலை அன்றுதான் தயாரிக்க முற்படுபவர்க்குப் பருவம் காத்திராது.

எதைக் காட்டலாகாது என்பதும் உண்டு. விற்றுவந்த பணக்கட்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பெயரும் பள்ளியும், வீட்டில் ஆளில்லாத நாட்கள் ஆகிய இவை விற்பனைக்கு எவ்வகையிலும் உதவா, கள்வர்க்கே உதவும். தொலைபேசி எண் ஊரறிந்ததாகிவிட்டபின், மொத்தமாகப் பழம் வாங்குவதாகச் சொல்லி, முன்பணம் அனுப்பவேண்டுமானால் ஒரு கட்டப்படத்தை நிழற்படமெடுத்து இரகசிய எண்ணை இடுங்கள் என்று கேட்போரும் வருவர். கைப்பேசி வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண் இடவேண்டிய அவசியமே இல்லை. செலுத்துவதற்கே அது வேண்டும். அவ்வாறு ஏமாந்து பணம் போயிருந்தால், சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.